சுக்சி மக்களின் உணவும் மருந்தும்: இனவரைவியலும் புனைகதையும் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

ஓர் இலக்கியத்தை ஆராயப் புகுவோர், அதனைப் படைத்த மக்கள் எதனை உண்டனர், அவ்வுணவை எவர் தேடினர், எவ்வாறு பகிர்ந்தனர் என்னும் வினாக்களை இலக்கியத்துக்குப் புறம்பானவை என ஒதுக்கிவிடுதல் வழக்கம். தெய்வம், மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு உணவையும் கருப்பொருளுள் ஒன்றாக வைத்தெண்ணிய தொல்காப்பியத்தைப் பயிலும் மாணவருக்கு இவ்வொதுக்கல் வியப்பையே தரவேண்டும். உணவு உழைப்பின் விளைவு. உழைப்போ மனிதர் தமக்குள் ஏற்படுத்திக்கொள்ளும் உறவுகளின் வழியாகவே நிகழ்வது. எனவே உணவைப் பற்றிப் பேசும் எந்த நூலும், அறிந்தோ அறியாமலோ, சமூக உறவுகளைப் பற்றியும் பேசிவிடுகின்றது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது, ஆசியாவின் வடகிழக்குக் கோடியில் பேரிங் நீரிணையை அடுத்து வாழும் சுக்சி மக்களின் உணவும் மருந்தும் எழுத்திற் பதிவாகியுள்ள முறையாகும். இம்மக்களைப் பற்றி உலகில் வழங்கும் பொதுப்படம் எளிமையானது: பனி, இறைச்சி, வேட்டையாடும் ஆண், மந்திரம் ஓதும் பூசாரி. இப்படத்திலே தாவரத்துக்கு இடமில்லை; தாவரத்தைத் தேடிச் சேர்த்த பெண்ணுக்கும் இடமில்லை. இவ்விடைவெளி தற்செயலானதன்று. சுக்சி வாழ்வில் உணவு, மருந்து, உடைமை ஆகிய மூன்றும் பிரிவின்றி நின்றன. அவற்றைப் பற்றிய எழுத்தும், பின்னர் சந்தையும், அவற்றைத் தனித்தனியே பிரித்தெடுத்தன. இக்கருத்தை நிறுவுவதே எமது நோக்கம்.

2

2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி சுக்சி மக்கள் ஏறத்தாழ 16,000 பேர். உற்பத்தி முறையை ஒட்டி இவர்கள் நெடுங்காலமாக இரு பிரிவினராக வாழ்ந்துள்ளனர். உள்நாட்டுத் துந்திரச் சமவெளியிலே கலைமான் மந்தைகளை மேய்த்தோர் ஒரு பிரிவினர். கரையோரத்தில் வால்ரஸ், சீல், திமிங்கிலம் ஆகியவற்றை வேட்டையாடியோர் மற்றப் பிரிவினர். ‘சுக்சி’ என்னும் பெயரே, கலைமான் நிறைந்தோர் எனப் பொருள்படும் ‘சாவ்சு’ என்ற சொல்லினின்று ருஷ்யர் வாயிலாக வந்தது. உடைமை பெற்ற ஒரு பிரிவினரின் பெயர் முழு இனத்துக்கும் பெயராயிற்று என்பது கருதத்தக்கது.

இவ்விரு பிரிவினரிடையே நிலவிய பண்டமாற்றே இம்மக்களின் உணவு முறைக்கு அடித்தளமாகும். மேய்ப்போருக்குச் சீல் எண்ணெயும் கடல்விலங்குத் தோலும் வாரும் வேண்டியிருந்தன. கரையோரத்தாருக்குக் கலைமான் இறைச்சியும் உடைக்குரிய தோலும் வேண்டியிருந்தன. தோற்கூடாரமாகிய ‘யரங்கா’வின் உள்ளறையிலே எரிந்த விளக்குக்கு நெய் கடலிலிருந்து வந்தது, திரி துந்திரத்துப் பாசியிலிருந்து வந்தது. ஒரு விளக்கின் சுடரிலேயே இரு பொருளாதாரங்கள் இணைந்திருந்தன எனலாம். விளக்கைப் பேணியவள் பெண்.

ஆயினும் இதனைப் புராதனப் பொதுவுடைமையின் களங்கமற்ற எச்சமாகக் காண்பது தவறு. கரையோரத்திலே தோற்படகில் ஒன்றாகச் சென்றோர் வேட்டையைப் பகிர்ந்தனர் என்பது உண்மையே. மேய்ப்பர் மத்தியிலோ ஆயிரக்கணக்கான கலைமான்களை உடையவரும், அவர் மந்தையைக் காத்து உணவும் சில கன்றுகளும் கூலியாகப் பெற்ற வறியவரும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தெளிவாகப் பிரிந்திருந்தனர். ‘மரபுணவு’ என இன்று பொதுப்படப் பேசப்படும் உணவு எல்லாக் கலங்களிலும் ஒரே அளவில் விழவில்லை.

அம்மரபும் மாறாதிருந்ததன்று. 1848இல் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலொன்று பேரிங் நீரிணையைக் கடந்து வடகடலை அடைந்தது. அதனைத் தொடர்ந்து பெருந்தொகையான கப்பல்கள் வந்தன. திமிங்கிலம் அருகியபோது அவை வால்ரஸ் மீது திரும்பின. எண்ணெயும் தந்தமும் திமிங்கில எலும்பும் தொலைவிலிருந்த சந்தைகளுக்குச் சென்றன. கரையோர மக்களுக்கு மாவும் தேயிலையும் சீனியும் புகையிலையும் மதுவும் வந்தன. பஞ்சமும் கூடவே வந்தது. எனவே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மக்களைக் கண்டு எழுதியோர் கண்டது ‘தூய’ மரபை அன்று. உலக முதலாளித்துவத்தின் தாக்கத்துக்கு ஏற்கனவே உட்பட்டிருந்த ஒரு வாழ்க்கையையே.

3

சுக்சி மக்களின் தாவர உணவு பற்றிய முக்கியமான முதற் பதிவுகள் ‘வேகா’ என்னும் சுவீடன் நாட்டுக் கப்பலின் பயணத்தால் கிடைத்தன. நோர்டன்ஷெல்ட் தலைமையில் ஐரோப்பாவிலிருந்து வடகடல் வழியாகப் பசுபிக்கை அடையப் புறப்பட்ட இக்கப்பல், பேரிங் நீரிணையை நெருங்கும் வேளையிற் பனிக்கட்டியிற் சிக்கி, 1878 செப்டெம்பர் முதல் 1879 யூலை வரை சுக்சிக் குடியிருப்புகளின் அருகே நின்றது. கப்பலிலிருந்த தாவரவியலாளரான செல்மன், இம்மக்களின் வீட்டுப் பயன்பாட்டுத் தாவரங்கள் பற்றி 1882இல் தனிக் கட்டுரையே வெளியிட்டார். இறைச்சி மட்டுமே உண்ணும் மக்கள் என்ற கருத்து இவ்வெழுத்துகளின் முன் நிற்க முடியாது.

அவை காட்டும் முறை நுட்பமானது. குறுங்கோடையிலே வில்லோ என்னும் குறுஞ்செடியின் இளந்தளிரும் இலையும், ரோடியோலா என்னும் செடியும், பிற கீரைகளும் திரளாகப் பறிக்கப்பட்டன. அவை சீல் தோற்பைகளில் அடைக்கப்பட்டுக் கோடை முழுவதும் புளிக்க விடப்பட்டன. இலையுதிர் காலத்தில் பையின் வடிவிலேயே அப்பண்டம் உறைந்துபோகும். மாரியிலே அதனைத் துண்டு துண்டாக வெட்டி இறைச்சியோடும் கொழுப்போடும் உண்டனர். சில வேளைகளிற் கஞ்சியாகவும் காய்ச்சினர். உறைநிலையும் நொதித்தலும் இங்கு உற்பத்திக் கருவிகளாகவே கையாளப்பட்டன. உப்பும் வெயிலும் கொண்டு உணவைக் காக்கும் மக்கள் தம் சூழலை அறிந்திருப்பது போலவே, குளிரையும் புளிப்பையும் கொண்டு காத்த இம்மக்களும் தம் சூழலை அறிந்திருந்தனர்.

கிழங்கும் வேரும் தேடுவதற்கு வேறொரு வழியும் இருந்தது. துந்திரத்திலே வாழும் சிற்றெலிகள் மாரிக்கெனச் சத்துள்ள வேர்களையும் கிழங்குகளையும் பொறுக்கி வளைகளிற் சேமித்துவைக்கும். இலையுதிர் காலத்திற் பெண்கள் அவ்வளைகளைக் கண்டறிந்து அகழ்ந்து எடுத்தனர். முழுவதையும் எடுத்துவிடாது எலிக்கும் சிறிது விட்டுவைக்கும் வழக்கம் பேரிங் கரைகளிற் பரவலாக அறியப்பட்டது. இதனை விலங்குகள் மீதுள்ள இரக்கமாக மட்டும் விளக்குவது போதாது. எலி அழிந்தால் அடுத்த ஆண்டு சேமிப்பவர் எவருமில்லை. அறமும் பொருளியலும் இங்கு ஒன்றாகவே இயங்கின.

இவற்றோடு கருநிறப் பெர்ரிகளும், வடபுலச் சதுப்பு நிலத்து மஞ்சட் பெர்ரியும், மலைப்புளிக்கீரையும் சேர்க்கப்பட்டன. கலைமானின் இரைப்பையிற் பாதி செரித்துக் கிடந்த பாசியும் இலையும் இரத்தத்தோடும் கொழுப்போடும் சேர்க்கப்பட்டு உணவாயின. மனிதக் குடலால் நேரடியாகச் செரிக்க இயலாத பாசியை விலங்கின் வயிறு உணவாக மாற்றித் தந்தது. இதனை அருவருப்போடு குறித்துச் சென்ற பயணிகள் பலர். அருவருப்பும் ஒரு வர்க்க நோக்கே என்பதை அவர்கள் உணரவில்லை.

இவ்வுழைப்பின் பெரும்பகுதி பெண்களும் சிறுவரும் ஆற்றியது. கலைமான் தோலுக்கு அல்டர் மரப்பட்டையின் சாயத்தால் செந்நிறம் ஊட்டியதும், குழந்தையின் உடையில் ஈரத்தை உறிஞ்ச உலர்பாசி இட்டதும் பெண்களே. வேட்டை நாடகத்தன்மை வாய்ந்தது, கதையாகச் சொல்லப்படக்கூடியது. கீரை பறித்தல் அவ்வாறன்று. உழைப்பின் பயனிலே குறைவில்லை. அதைச் சொல்லும் வடிவத்திலேதான் குறைவு. இலக்கிய ஆய்வாளர் கவனிக்கவேண்டிய இடம் இதுவே.

4

சுக்சி மக்களைப் பற்றிய பெருநூலை எழுதியவர் விளாடிமிர் போகராஸ் (1865 – 1936). சார் ஆட்சிக்கெதிரான நரோத்னிக் புரட்சியாளரான இவர் 1890களிற் கோலிமாப் பிரதேசத்தில் நாடுகடத்தப்பட்டவராக வாழ்ந்தார். அங்குதான் சுக்சி மொழியையும் வாழ்க்கையையும் கற்றார். பின்னர் ஜெசப் வட பசுபிக் ஆய்வுப் பயணத்தின் உறுப்பினராக 1900 – 1901இல் மீண்டும் அப்பகுதிக்குச் சென்றார். இவரது தோழரும் இவரைப் போலவே நாடுகடத்தப்பட்டவருமான ஸ்டேர்ன்பேர்க், கில்யாக் மக்களின் மண உறவு பற்றித் திரட்டிய செய்திகளை 1892இல் ஏங்கெல்ஸ் எடுத்தாண்டார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. சாரின் சிறையாணையே வடபுல மானிடவியலுக்கு அடிகோலியது என்பது வரலாற்றின் முரண்.

போகராஸின் நூல் மூன்று பகுதிகளாக வெளிவந்தது: பொருட்பண்பாடு 1904இலும், சமயம் 1907இலும், சமூக அமைப்பு 1909இலும். இப்பகுப்பு அக்காலப் புலமை மரபுக்கு இயல்பானது. ஆனால் அதன் விளைவு யாது? உணவும் தாவரமும் முதற் பகுதியில் அமைந்தன. நோயும் குணப்படுத்தலும், ‘கேலெ’ எனப்படும் தீய ஆவிகளோடு சேர்ந்து, இரண்டாம் பகுதிக்குச் சென்றன. மந்தை யாருடையது, கூலி எவ்வளவு என்பன மூன்றாம் பகுதியில் இடம்பெற்றன. பசித்தவன் நோயுற்றான், நோயுற்றவன் மந்தை இழந்தான், மந்தை இழந்தவன் பசித்தான் என்னும் சுற்று மூன்று நூல்களிற் சிதறிப்போயிற்று. நூலின் செய்திவளத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஏழை மேய்ப்பனின் நிலையை மறைக்காது எழுதியமை அவரது அரசியலின் பயன். ஆயினும் அம்மூன்று பகுதிகளையும் ஒருங்கு வைத்துப் படிப்பது வாசகனின் பொறுப்பாக விடப்பட்டுள்ளது.

அவ்வாறு ஒருங்கு வைத்துப் படிக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகும். ‘மருந்துச் செடி’ என்ற தனி வகைப்பாடு இம்மக்களிடம் முதன்மை பெற்றிருக்கவில்லை. துருவக் கடலிற் சென்ற ஐரோப்பிய மாலுமிகள் பலரைக் கொன்றது ஸ்கர்வி நோய். விற்றமின் சி குறைவால் வரும் அந்நோயைச் சுக்சி மக்கள் மருந்தினால் வெல்லவில்லை, உணவினால் தடுத்தனர். திமிங்கிலத் தோலைக் கொழுப்போடு பச்சையாக உண்டதும், புளித்த இலையை மாரி முழுவதும் இறைச்சியோடு சேர்த்ததும் அத்தடுப்பின் கூறுகள். தடுப்பு அன்றாட உணவுக்குள் அடங்கியிருந்தது. தடுப்பையும் மீறி வந்த நோயே ஆவியின் செயலாகக் கருதப்பட்டு, பறையடிக்கும் ஷாமனிடம் கொண்டுசெல்லப்பட்டது. அறிவின் எல்லை முடியுமிடத்தில் மந்திரம் தொடங்கியது. அவ்வெல்லை வரை இருந்த அறிவைக் காணாது மந்திரத்தை மட்டும் கண்டவர்களே இம்மக்களை ‘மந்திர மக்கள்’ ஆக்கினர்.

செந்நிறக் குடையும் வெண்புள்ளிகளும் உடைய நச்சுக் காளானின் நிலையும் இதனையே காட்டுகிறது. மயக்கம் தரும் இக்காளானைத் தனியொரு மக்கட் கூட்டமாகவே சுக்சி மக்கள் உருவகித்தனர் என்று போகராஸ் குறிக்கிறார். அவர்கள் உண்டவனைக் கைப்பிடித்து இறந்தோர் உலகுக்கு இட்டுச்செல்வர். 1960களிற் கண்டறியப்பட்ட பெக்திமெல் ஆற்றோரப் பாறைச் செதுக்கல்களிலே காளானைத் தலைமேற் கொண்ட மனித உருவங்கள் உள்ளன. மேலைநாட்டு வாசகரிடம் இக்காளான் பெற்ற புகழில் நூறிலொரு பங்கும் வில்லோ இலை பெறவில்லை. ஒரு சமுதாயத்தின் மாரியைக் கடத்திய கீரையைவிட அதன் கனவைத் தூண்டிய காளானே கவர்ச்சியாகத் தோன்றுவது, வாசகனின் சமுதாயத்தைப் பற்றிய செய்தியே அன்றிச் சுக்சி மக்களைப் பற்றியதன்று.

5

புனைகதை இம்மூன்று கூறுகளையும் மீண்டும் ஒரு கூரையின்கீழ்க் கொண்டுவர வல்லது. அது எவ்வளவுக்கு நிறைவேறியது என்பதை இனி நோக்குவோம்.

தீஹன் செமூஷ்கினின் ‘அலித்தெத் மலைகளுக்குச் செல்கிறான்’ என்னும் நாவல் 1940களின் இறுதியில் வெளிவந்து ஸ்டாலின் பரிசு பெற்றது. ருஷ்யரான செமூஷ்கின் சுக்கொத்காவில் ஆசிரியராகப் பணியாற்றியவர். வணிகனான அலித்தெத்தும் அமெரிக்க வியாபாரியும் வேட்டைக்காரரைக் கடனால் கட்டிப்போடும் முறையை இந்நாவல் வலுவாகக் காட்டுகின்றது. உணவு எவ்வாறு கடனாகிறது என்பது அதன் பலம். ஆனால் பழைய வாழ்வு அங்கு வெல்லப்படவேண்டிய இருளாகவே நிற்கின்றது. அவ்விருளுக்குள் தலைமுறைகளாகத் திரண்டிருந்த உழைப்பறிவு நாவலாசிரியரின் கண்ணில் போதிய அளவு படவில்லை. புறநிலையிலிருந்து எழுதப்பட்ட சோஷலிச யதார்த்தவாதத்தின் குறைபாடு இது.

அகநிலையிலிருந்து எழுதியவர் யூரி ரித்கெயு (1930 – 2008). பேரிங் நீரிணைக் கரையிலுள்ள உவெலென் ஊரிற் பிறந்த இவர் சுக்சி மக்களின் முதல் நாவலாசிரியராக உலகப் புகழ் பெற்றார். இம்மொழிக்கு 1931இல் இலத்தீன் எழுத்தும் 1937இற் சிரிலிக் எழுத்தும் வகுக்கப்பட்டன என்பதை நினைவிற் கொண்டால், எழுத்துத் தோன்றிய ஒரே தலைமுறையில் நாவலாசிரியரும் தோன்றியமை சோவியத் கல்வியின் சாதனை என்பதை மறுக்க முடியாது.

‘மூடுபனித் தொடக்கத்தில் ஒரு கனவு’ என்னும் இவரது நாவல் 1910இல் தொடங்குகின்றது. பனிக்கட்டியை வெடிவைத்துத் தகர்க்க முயன்ற கனடிய மாலுமி ஜோன் மக்லெனனின் கைகள் சிதைகின்றன. அவனை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் சுக்சி ஆடவர் வழியிலே சதை அழுகுவதைக் கண்டு, கெலேனா என்ற ஷாமன் பெண்ணிடம் ஒப்படைக்கின்றனர். அவள் அழுகிய விரல்களை அகற்றி அவனை உயிர்பிழைக்க வைக்கிறாள். காட்டுமிராண்டிகள் தன்னைக் கொல்லப்போகின்றனர் என அஞ்சியவன், அவர்களுடைய மருத்துவத்தாலேயே வாழ்கின்றான். குடியேற்றவாத இலக்கியத்திலே வெள்ளையன் கையிலிருந்த மருந்துப்பெட்டி இங்கு இடம் மாறிவிட்டது. அம்மருத்துவர் பெண் என்பதும் கவனத்துக்குரியது. பின்னர் அவன் அவ்வூரவருள் ஒருவனாகி, அவர்களது உணவை உண்டு, அவர்களது பஞ்சத்தையும் பகிர்கின்றான். மருத்துவமும் உணவும் உறவும் ஒரே கதைக்குள் இணையும் இடம் இது. போகராஸின் மூன்று பகுதிகள் இங்கு ஒன்றாகின்றன. ஆயினும் நாவலின் இயக்கம் வேட்டையைச் சுற்றியே அமைகின்றது.

‘திமிங்கிலங்கள் போகும்போது’ (1975) வேறு வகையானது. நௌ என்னும் ஆதிப்பெண் திமிங்கிலமாகிய ரேயுவைக் காதலித்து மனித இனத்துக்குத் தாயாகிறாள். திமிங்கிலமும் மனிதனும் உடன்பிறந்தோர் என அவள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகின்றாள். இறுதியில் அர்மகிர்கின் என்னும் செருக்குற்றவன் திமிங்கிலத்தைக் கொல்கிறான், கடல் வெறுமையாகின்றது. எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்பது உறவின் வினா என்பதைத் தொன்மத்தின் மொழியில் இந்நாவல் கூறுகின்றது.

இதன் அழகை ஏற்றுக்கொள்ளும் நாம் இதன் விளக்கத்தை ஏற்பதற்கில்லை. கடலை வெறுமையாக்கியது ஒரு மனிதனின் செருக்கன்று. 1848இன் பின் வந்த வேட்டைக் கப்பல்களும், அவற்றின் பின்னால் நின்ற மூலதனமுமே அதனைச் செய்தன. வரலாற்றுக் காரணத்தை அறக் காரணமாக மாற்றும்போது, கொள்ளையுண்டவனே குற்றவாளியாகின்றான். ஆனால் இந்நாவல் வெளிவந்த ஆண்டுகளையும் நோக்கவேண்டும். 1969 முதல் ‘ஸ்வேஸ்த்னி’ என்னும் அரச வேட்டைக் கப்பலே கரையோர ஊர்களுக்காகத் திமிங்கிலங்களைக் கொன்று இழுத்துவந்தது. அவ்விறைச்சியின் பெரும்பகுதி, தோலுக்காக நரி வளர்த்த பண்ணைகளுக்கு இரையாயிற்று. மக்களின் உணவு நரியின் உணவாகி, நரியின் தோல் வணிகப் பண்டமானது. இப்பின்னணியில் அர்மகிர்கினின் செருக்கு வேறொரு பொருளையும் பெறுகின்றது. நேரே சொல்ல இயலாததைத் தொன்மம் சொல்லியிருக்கலாம்.

6

சோவியத் ஆட்சி இம்மக்களுக்குப் பள்ளியையும் மருத்துவமனையையும் எழுத்தையும் கொடுத்தது. வணிகக் கடனிலிருந்து விடுவித்தது. அதே ஆட்சியின் நிருவாக மையவாதம், ‘எதிர்காலமற்றவை’ எனக் கருதிய ஊர்களை மூடியது. சுக்சி மக்களின் அயலவரான யூப்பிக் மக்கள் வாழ்ந்த நௌகான் 1958இல் மூடப்பட்டு, அம்மக்கள் சுக்சி ஊர்களிற் குடியமர்த்தப்பட்டனர். தாவர அறிவு நூலில் இருப்பதன்று. குறிப்பிட்ட சரிவில், குறிப்பிட்ட ஓடைக்கரையில் இருப்பது. ஊரை இழந்தோர் அவ்வறிவின் நிலத்தையும் இழந்தனர். விடுதிப் பள்ளியில் வளர்ந்த பிள்ளைகள், தாய் கீரை பறித்த கோடையை இழந்தனர்.

1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது எதிர்மாறான துன்பம் நேர்ந்தது. கடைகள் வெறுமையாயின, சம்பளம் நின்றது. 1989இல் ஏறத்தாழ 1,64,000ஆக இருந்த சுக்கொத்காவின் சனத்தொகை 2002இல் ஏறத்தாழ 54,000ஆகக் குறைந்தது; வெளியேறியோர் பெரும்பாலும் வந்தேறிய ஊழியர். ஒருகாலத்தில் 5 இலட்சமளவில் இருந்த கலைமான்கள் ஏறத்தாழ 1 இலட்சமாயின. எஞ்சிய மக்கள் சிறுபடகில் மீண்டும் கடலிறங்கினர். வால்ரஸ் இறைச்சியைத் தோலோடு சுருட்டிக் குழியிற் புதைத்து நொதிக்கவைக்கும் பழைய முறை பசியைத் தணித்தது. ஒருகாலத்தில் நாகரிகமற்றதென இகழப்பட்ட அவ்வுணவின் நாற்றம் இப்போது இனத்தின் அடையாளமாகவும் பேசப்படுகின்றது. பசியால் மீண்ட ஒன்றைப் பண்பாட்டு மறுமலர்ச்சி என்று மட்டும் கொண்டாடுவது, அப்பசிக்குக் காரணமானவரை மறக்கச் செய்யும்.

தாவரங்களின் நிலை இன்னும் நுட்பமானது. நௌகான் மக்களிடையே நிகழ்த்தப்பட்டு 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, உணவாகப் பயன்பட்ட செடிகளின் தொகை குறைய, மருந்தாகப் பயன்படும் செடிகளின் தொகை கூடியிருப்பதைக் காட்டியது. ரோடியோலாவின் வரலாறு இதற்குத் தக்க சான்று. செல்மன் காலத்திலே அது மாரிக்கெனப் புளிக்கவைத்த கீரை; சீல் கொழுப்போடு எல்லோரும் உண்டது. சோவியத் மருந்தியல் அதன் வேரின் சாற்றைச் சோர்வு நீக்கும் மருந்தாக்கியது. இன்று ‘பொன்வேர்’ என்ற பெயரில் உலகச் சந்தையிற் குளிகையாக விற்கப்படுகின்றது. வேட்கை மிகுந்ததால், 2022இல் அருகிவரும் இனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலிலே ரோடியோலா இனங்கள் சேர்க்கப்பட்டன.

இம்மாற்றத்தின் உட்பொருளைத் தெளிவாகக் கூறவேண்டும். இலையைப் பறித்தால் செடி மறுகோடையில் தளிர்க்கும். வேரை அகழ்ந்தால் செடி முடிந்தது. உணவாக இருந்தபோது அதற்குப் பயன்பெறுமானம் இருந்தது, பறித்தவரே உண்டனர். பண்டமானபோது மாற்றுப்பெறுமானம் பெற்றது. அகழ்பவர் ஒருவர், விற்பவர் ஒருவர், விழுங்குபவர் ஒருவர். கூட்டாக உண்ட தடுப்பு, தனியாக வாங்கும் தீர்வாயிற்று. மந்திரத்தினின்று மருத்துவத்தைப் பிரித்தெடுத்தது அறிவியலின் வெற்றி. உணவினின்று மருந்தைப் பிரித்தெடுத்ததோ சந்தையின் வேலை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குதல் ஆகாது.

7

எனவே சுக்சி மக்களின் உணவையும் மருந்தையும் பற்றிய பட்டியல்கள், அவை எவ்வளவு முழுமையானவையாயினும், போதியவையல்ல. எந்தச் செடி எந்நோய்க்கு என்பதோடு, அதனைப் பறிக்கும் நிலம் யாருடையது, பறிக்கும் கை யாருடையது, பறித்த பின் அது எங்கு செல்கின்றது என்பனவும் கேட்கப்படவேண்டும். போகராஸ் விடைகளைத் தந்தார். ஆனால் வெவ்வேறு பகுதிகளிலே தந்தார். ரித்கெயு அவற்றை ஒரு கூரையின்கீழ் வைத்தார். ஆனால் வேட்டைக்காரனையே வாயிலில் நிறுத்தினார். சீல் தோற்பையிலே இலையை அடைத்து மாரியை எதிர்நோக்கிய பெண்ணை மையமாகக் கொண்ட நாவலை நாம் இன்னும் படிக்கவில்லை. அத்தகைய நாவல் எழுதப்படுமாயின், அது மறைந்துபோன ஒரு மரபுக்கு இரங்கற்பாவாக அமையவேண்டியதில்லை. உழைப்பவர் தம் உழைப்பறிவுக்குத் தாமே உரியவர் என்னும் கோரிக்கையாக அமையவேண்டும்.